டாக்டர் சொன்னதும் மாய்ரா சொன்னதும்

டோங்குவானில் பதினோரு வருடம் குடியிருந்தும் நெல்சிக்குச் சீன மொழி வாயில் நுழையவில்லை. நுழையவில்லை என்று நான் சொல்வது மரியாதைக்கு. அவள் அதை உள்ளே விடவே இல்லை. "அடுத்த வருஷம் ஊருக்குப் போயிடப் போறோம், இதைக் கத்துக்கிட்டு என்ன செய்ய?" என்பாள். ஷூ கம்பெனி வேலைக்காகப் பிரேசிலிலிருந்து வந்த எங்கள் எல்லோருக்குமே அந்த அடுத்த வருடம் ஒன்று உண்டு.

அவளுக்காகப் பேசியது மகள் மாய்ரா. இங்கேயே பிறந்தவள், பத்து வயது. காய்கறிக் கடையில் பேரம், போலீஸ் ஸ்டேஷனில் வீட்டு விலாசப் பதிவு, கேஸ்காரனோடு சண்டை, எல்லாம் அவள்தான். பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைப் பற்றிக் குறை சொன்னால் அதையும் அவளே மொழிபெயர்ப்பாள். நெல்சி பூரித்துப்போய் வந்து, "டீச்சர் ரொம்பப் புகழ்றாங்க" என்று கேக் செய்து கொடுப்பாள். மேல் வீட்டில் இருந்த எனக்குச் சீன மொழி ஓரளவு தெரியும்; டீச்சரிடமே கேட்டு உண்மையைத் தெரிந்துகொண்டேன். சிரித்தேனே தவிர, காட்டிக்கொடுக்கவில்லை.

நாற்பது வயதில் நெல்சி மறுபடி கர்ப்பமானாள். மாய்ராவுக்குப் பிறகு மூன்று முறை கலைந்திருந்தது. ஐந்தாம் மாதம் வரை தங்கியது இது ஒன்றுதான். கணவன் வால்மிர் கம்பெனியோடு வியட்நாம் போயிருந்தான். "இது நிலைச்சிடும் இல்தாக்கா" என்று என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள்.

ஸ்கேனுக்கு நானும் வருகிறேன் என்றேன். "மாய்ரா இருக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. அன்று எனக்கு முடி வெட்டிக்கொள்ளப் போக வேண்டியிருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வந்தவள், "குழந்தை நல்லாத் தூங்குதாம். அடுத்த மாசம் வந்தாப் போதுமாம்" என்றாள். மாய்ரா நேராக உள்ளே போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் காலையில் மாய்ரா என் கதவைத் தட்டினாள். "பெரியம்மா, அம்மாவுக்கு உடம்பு நெருப்பாக் கொதிக்குது."

டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போனோம். டாக்டரம்மா என்மீது பாய்ந்தார். "குழந்தைக்கு உயிர் இல்லைன்னு அன்னிக்கே சொன்னேனே! நாளைக்கே மொழி தெரிஞ்ச பெரியவங்களோட வரணும்னு இந்தப் பொண்ணுகிட்ட எத்தனை தடவை சொன்னேன்!"

ஸ்ட்ரெச்சரில் கிடந்த நெல்சி, "என்ன சொல்றாங்க? அக்கா, என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சொன்னேன்.

உயிர் பிழைத்தாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வந்து சேர்ந்த வால்மிர் நேராக மகளின் தோளைப் பிடித்து உலுக்கினான். "எதுக்குடி மறைச்சே? உங்கம்மா செத்திருப்பாளே!"

"அவளை விடுங்க" என்றாள் நெல்சி. "பத்து வயசுப் பொண்ணு தலையில இதையெல்லாம் தூக்கி வெச்சவ நான்." பிறகு மாய்ராவைப் பக்கத்தில் இழுத்து, "ஏன் கண்ணு என்கிட்ட சொல்லலை?" என்று மெதுவாகக் கேட்டாள்.

மாய்ரா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லத்தான் வாயைத் தொறந்தேம்மா. நீ என்னையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தே."