துடைத்தவர் மேல் போட்ட பழி

இரண்டு வருடங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது இது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே அம்மா மண்டபம் படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து எரிச்சல்பட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணியவன். ஓய்வு பெற்றும் அந்தப் புத்தி போகவில்லை. எங்கள் மாடிப்படி முப்பத்தெட்டு, கீபோர்டில் விசைகள் நூற்று நான்கு. இருபத்து நான்கு வீடுகள் கொண்ட எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பொதுக்குழு அறிவிப்பைப் பதினான்கு நாட்களுக்கு முன்பே எல்லோர் கையிலும் கொடுத்தாக வேண்டும். அதைத்தான் அன்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.

மனைவி மகளின் பிரசவத்துக்காக பெங்களூரு போயிருந்தாள். காலையில் வீட்டு வேலைக்கு ஓர் அம்மா வருவார். ஐம்பது வயதிருக்கும். எங்கள் கட்டடத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்தார். மேஜையெல்லாம் தூசி என்று முதல் நாள் நான் முணுமுணுத்திருந்ததால், அன்று கீபோர்டையும் சேர்த்துத் துடைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு உட்கார்ந்தேன். அரைப் பக்கம் வரை ஒழுங்காக வந்தது. தண்ணீர் வரி பற்றிய வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று கொஞ்சம் யோசித்தேன். மறுபடி தட்டியபோது எழுத்து விழவில்லை. பத்துத் தடவை தட்டினால் ஒரு தடவை விழுந்தது. எந்த விசை என்றில்லை, எல்லாமே அப்படித்தான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினேன், வயரைக் கழற்றி மாட்டினேன். பலன் இல்லை.

ஈரத்துணிதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் இருந்தது இரண்டே பேர். ஒருவரைக் கழித்தால் மீதி ஒருவர். மறுநாள் காலை அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டேன்.

"ஈரத்துணியை வச்சு அதைத் துடைச்சியா?"

"காஞ்ச துணிதான் சார்."

"அப்புறம் எப்படி உள்ள தண்ணி போச்சு? நானா ஊத்தினேன்?"

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அப்படிப் போனதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. செயலாளர் அல்லவா, எல்லோரையும் எச்சரிக்கும் கடமை எனக்கு இருப்பதாகத் தோன்றியது. சங்கத்தின் வாட்ஸப் குழுவில், வீட்டு வேலைக்கு வருபவர்களைக் கம்ப்யூட்டர் பக்கம் விட வேண்டாம், என் வீட்டில் ஈரத்துணி பட்டுக் கீபோர்டு வீணாகிவிட்டது என்று போட்டேன். பெயர் போடவில்லை. என் வீட்டுக்கு யார் வேலைக்கு வருகிறார் என்று இருபத்து நான்கு வீட்டுக்கும் தெரியும். முதல் மாடியில் கணவன் மனைவி இருவரும் லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்கள். அடுத்த நாளே அந்த அம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் செய்தி என் காதுக்கு வந்தபோது, என் பேச்சுக்கு மதிப்பு இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை எழுதவே கூசுகிறது.

நான்காம் நாள் அவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே பெட்டி பிரிக்காத புதுக் கீபோர்டு. வேலை முடித்துவிட்டு வெயிலில் ஆற்றுக்கு அக்கரையில் சத்திரம் பேருந்து நிலையம் வரை போய் வாங்கி வந்திருக்கிறார்.

"நான் செய்யலை சார். ஆனா நீங்க நம்ப மாட்டீங்க. இதை வச்சுக்கிட்டு, முதல் மாடி அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அந்த வீடு இல்லாம எனக்குக் கட்டாது."

மாட்டிப் பார்த்தேன். அதிலும் அதே கோளாறு. எழுத்து விழவில்லை. புதுக் கீபோர்டிலும் அதே கோளாறு என்றால் கோளாறு கீபோர்டில் இல்லை என்று ஸ்டோர்ஸில் அன்றைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. மட்டமான சரக்கை உன் தலையில் கட்டிவிட்டான் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். முதல் மாடிக்குப் போகவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து, அறிவிப்புக்கு நாள் நெருங்கிவிட்டதே என்ற பதற்றத்தில், இரண்டு கீபோர்டையும் தூக்கிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினேன். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். என் புலம்பலை முழுவதும் கேட்டுவிட்டு, இரண்டையும் தன் கம்ப்யூட்டரில் மாறி மாறி மாட்டினார். ஒவ்வொரு விசையாகத் தட்டினார். நானும் கூடவே எண்ணினேன். நூற்று நான்கும் விழுந்தன, இரண்டிலும்.

வீட்டில் எப்படித் தட்டுவீர்களோ அப்படியே உட்கார்ந்து தட்டுங்கள் என்றார். அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் முதல் வகுப்பில் தேறியவன் நான். கொஞ்சம் மிடுக்கோடுதான் தட்டினேன். அதே அறிவிப்பு. அதே தண்ணீர் வரி வாக்கியம் வந்ததும் யோசிக்க நிறுத்தினேன். பீப் என்று ஒரு சத்தம் கேட்டது. திரையில் ஏதோ கேள்வியோடு ஒரு பெட்டி வந்தது. வழக்கம்போல என்டரைத் தட்டி அதை விரட்டினேன். அதன் பிறகு எழுத்து விழவில்லை.

கடைக்காரர் சிரித்துவிட்டார். "சார், கையை எடுக்காதீங்க. உங்க வலது சுண்டு விரல் எங்க இருக்குன்னு பாருங்க."

ஷிஃப்ட் விசையின் மேல் இருந்தது. டைப்ரைட்டரில் யோசிக்கும்போது சுண்டு விரலை அங்கே ஊன்றிக்கொள்வது என் ஐம்பது வருடப் பழக்கம். அந்த இயந்திரத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கம்ப்யூட்டரில் வலது ஷிஃப்டை எட்டு விநாடி விடாமல் அழுத்தினால், கை நடுங்குபவர்களுக்காக வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கட்டுமா என்று அது கேட்குமாம். என்டர் தட்டினால் சரி என்று அர்த்தம். அதன் பிறகு சட்டென்று தட்டுவதையெல்லாம் கை தவறிப் பட்டது என்று அது ஒதுக்கிவிடும். விசையை ஒரு விநாடி அமுக்கிப் பிடித்தால்தான் எழுத்து விழும். அன்று வீட்டிலும் அந்தக் கேள்வியைப் படிக்காமல் இப்படித்தான் விரட்டியிருக்கிறேன்.

"கீபோர்டுல ஒண்ணும் இல்லைங்க சார். நீங்களேதான் போட்டு வச்சிருக்கீங்க," என்றார். வீட்டில் அதை எப்படி நிறுத்துவது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பஸ்ஸில் ஆற்றைக் கடந்ததே தெரியவில்லை. இரண்டில் ஒன்றைக் கழித்தபோது நான் கழித்தது என்னை. அவர் காய்ந்த துணி என்று சொன்னபோது ஒரு கணம்கூட நம்பிப் பார்க்கவில்லை. அவர் வாங்கி வந்த கீபோர்டே அவருக்குச் சாட்சி சொல்லியும் நான் கேட்கவில்லை.

நேராக முதல் மாடி வீட்டுக்குப் போய் மணியை அழுத்தினேன். தவறு என்னுடையது, அந்த அம்மா ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன். அந்த வீட்டுப் பெண் சங்கடமாகச் சிரித்தாள். "அடடா அங்கிள், முந்தாநாள்தான் வேற ஒருத்தங்களை வச்சிட்டோம். இப்போ அவங்களைப் போகச் சொன்னா நல்லா இருக்காதே." அவள் சொன்னது நியாயம். முந்தாநாள் என்பது கீபோர்டோடு அவர் என் முன்னால் நின்ற நாள். அன்று நான் அந்தப் படி இறங்கியிருந்தால் போதும்.

குழுவிலும் எழுதினேன், இம்முறை என் பெயரைப் போட்டு. ஒன்பது பேர் கட்டை விரல் காட்டினார்கள். ஒருவர், செயலாளருக்கே டைப்பிங் கிளாஸ் எடுக்க வேண்டும் போல என்று கிண்டல் செய்தார். போனில் கேட்ட மனைவி, "எந்தப் பெட்டி வந்தாலும் படிக்காமத் தட்டிவிடுவீங்க. அந்தம்மாவையும் அப்படித்தான் தட்டிவிட்டிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர் குழாயை மூடிவிட்டு முழுவதும் கேட்டார்.

"முதல் மாடியில சொல்லிட்டீங்களா சார்?"

"சொன்னேம்மா. வேற ஆள் வச்சுட்டாங்களாம்."

அவர் மறுபடி குழாயைத் திறந்துவிட்டார். கீபோர்டின் விலையைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டபோது அடுத்த பாத்திரத்தைத் தேய்க்க எடுத்தார்.

இன்னும் எங்கள் வீட்டுக்கு அவர்தான் வருகிறார். இழந்த வீட்டுக்குப் பதிலாக இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு கிடைக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது. என் மேஜையை இப்போது நானே துடைத்துக்கொள்கிறேன். தினமும் கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்க ரூமுக்குள்ள போகலை சார்," என்று சொல்லிவிட்டுத்தான் போவார். குத்திக்காட்டும் தொனியே இருக்காது. அப்படிச் சொல்லத் தேவையில்லை என்று பலமுறை கேட்டுக்கொண்டும் அவர் நிறுத்தவில்லை. ஒரு மனிதரைத் தினமும் என்னிடம் இப்படிச் சாட்சி சொல்லிவிட்டுப் போகும்படி ஆக்கிவிட்டேனே என்ற வெட்கத்தோடுதான் இன்றும் கதவைச் சாத்துகிறேன்.