என் கணவர் பெயரில் ஓடியவர்

போலீஸ்காரர்கள் டூட்டி மாற்றிக்கொள்வது நாம் பல் தேய்ப்பது மாதிரி. ஓணத்துக்கு நீ நில், பெருநாளுக்கு நான் நிற்கிறேன் என்று தங்களுக்குள் பேசி முடித்துவிடுவார்கள். என் கணவர் இருபத்திரண்டு வருட சர்வீசை இப்படித்தான் ஓட்டியிருக்கிறார். ஆனால் இதயப் பரிசோதனையையும் ஒரு டூட்டியாக நினைத்து மாற்றிவிடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மட்டாஞ்சேரியில் ஒரு அரிசிக் கிடங்கின் மாடியில் எங்கள் வீடு. போன மழைக்காலத்திலிருந்தே படியேறி வந்தால் அவருக்கு மூச்சு வாங்கும். கேட்டால் வெறும் வாயுத்தொல்லை என்பார். அவருடைய வாப்பா ஐம்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர். இவருக்கு நாற்பத்தெட்டு. அதனால், நாற்பது தாண்டிய போலீஸ்காரர்களுக்கெல்லாம் எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் டிரெட்மில் டெஸ்ட் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அவருடைய பயம் வேறு. எஸ்.ஐ. பிரமோஷன் லிஸ்ட் வருகிற நேரம். ரிப்போர்ட்டில் ஏதாவது இருந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், தன் ஸ்டேஷனில் வேலை பார்க்கும் பாலக்காட்டுக்காரரைத் தன் பெயரில் அனுப்பிவிட்டார். அந்தத் தம்பிக்கு வயது முப்பத்துமூன்று, கால்பந்து ஆடுகிறவர், கட்டுமஸ்தான உடம்பு. பதிலுக்கு அவருடைய ஞாயிற்றுக்கிழமை டூட்டியை இவர் பார்த்துக்கொடுத்தார்.

படிவத்தில் எப்போதும்போல என் போன் நம்பரை எழுதியிருந்தார். மூன்றாம் நாள், நான் வேலை பார்க்கும் கிடங்கில் சுக்கு தரம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். உங்கள் கணவரின் டெஸ்ட் சரியில்லை, அடைப்பு இருக்கலாம், இந்த வாரமே கூட்டிவாருங்கள் என்றாள்.

வீட்டுக்கு வந்தவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. டெஸ்ட்டில் ஓடியது வேறு ஆள் என்று சொல்லி, நடந்ததையெல்லாம் ஏதோ சாமர்த்தியம்போல விவரித்தார்.

"அப்ப அது யாரோட நெஞ்சு?" என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. உடனே சட்டையை மாட்டிக்கொண்டு அந்தத் தம்பி வீட்டுக்கு ஓடுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தூங்காமல் போய் ஓடியிருப்பான், அதனால் மிஷின் தப்பாகக் காட்டியிருக்கும் என்றார். வெளியே தெரிந்தால் ஆள்மாறாட்டம், இரண்டு பேர் வேலையும் போகும், இரண்டு நாள் பார்க்கலாம் என்றார். ஹெல்மெட் போடாதவனை நடுரோட்டில் மறித்து உயிரின் அருமையைப் பற்றி அரைமணி நேரம் பேசுகிற மனிதர் இவர்.

நானே அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன். அவரும் சிரித்தார். "இக்கா பேரைப் பாத்து மிஷின் பயந்திருக்கும், இத்தா" என்றார். என் கணவர் அவருக்கு இக்கா, அதாவது அண்ணன்; நான் இத்தா, அக்கா. வலி ஏதாவது உண்டா என்று துருவித் துருவிக் கேட்டதில், ஆடும்போது இடது கை கொஞ்சம் கடுக்கும், அது பைக்கில் கிளட்ச் பிடிப்பதால் என்றார். இவர்கள் எல்லோருக்கும் யார்தான் டிரெய்னிங் கொடுக்கிறார்களோ. ஊரையே சந்தேகப்படக் கற்றுக்கொடுத்தவர்கள், சொந்த உடம்பைச் சந்தேகப்படக் கற்றுக்கொடுக்கவில்லை.

போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்கே போனேன். அவர் மனைவி இரண்டு வயதுக் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். மறுநாள் காலை அவரை அவருடைய சொந்தப் பெயரிலேயே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு இடத்தில் அடைப்பு. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள்.

நானும் என் கணவரும் போட்டில் அக்கரைக்கு, எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தோம். பேச்சு மெல்லத்தான் வந்தது. "இக்கா, உங்க டெஸ்ட்ட நீங்களே எடுத்துருங்க" என்றார்.

என் கணவர் கட்டில் கம்பியைப் பிடித்தபடி, "லிஸ்ட் வரட்டும்டா, வந்த உடனே எடுக்கறேன்" என்றார்.

பெற்ற பிள்ளையாக இருந்தால் அங்கேயே அறைந்திருப்பேன். திரும்பி வரும்போது போட்டில் நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டியல் வரும், அதற்கப்புறம் பயிற்சி வரும், அதற்கப்புறம் ஒரு தேர்தல் டூட்டி வரும். வாப்பாவும் இப்படித்தான் நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இவருடைய நெஞ்சை இதுவரை ஒருவரும் பார்க்கவில்லை, ரிசல்ட்டும் இன்னும் ஆபீசுக்குப் போகவில்லை, ஆனால் டெஸ்ட் எடுத்துவிட்டதாக ஆபீஸ் ஃபைலில் தாள் இருக்கிறது.

மறுநாள் அவர் டூட்டிக்குப் போனதும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். அந்த ரிப்போர்ட் என் கணவருடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். நர்ஸ் இரண்டு தடவை திருப்பிக் கேட்டாள். இரண்டு தடவையும் சொன்னேன்.

ஆஸ்பத்திரி ஆபீசுக்குச் சொல்ல, விசாரித்ததில் ஓடியது யார் என்பதும் தெரிந்துவிட்டது. லிஸ்ட் வந்துவிட்டது. அதில் அவர் பெயர் இல்லை. இரண்டு பேரிடமும் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அந்தத் தம்பியின் மனைவியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல இத்தா, ஆள் இருக்காரே" என்றாள்.

என் ஆள் என்னோடு பேசிப் பதினோரு நாளாகிறது. வைத்ததைச் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார். அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்று ஆர்டர் போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டெஸ்ட்.