வெள்ளைத்துரை சலித்த மாத்திரை

போடிநாயக்கனூரில் வெள்ளைத்துரை ஏலக்காயை அளந்து பார்ப்பதில்லை. ஒரு கை அள்ளி, ஒரு குலுக்குக் குலுக்கி, "எட்டு எம்எம்" என்பார். எட்டுதான் இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு, மூட்டை தூக்கி, மலையில் பதினைந்து ஏக்கர் தோட்டம் வாங்கியவர். அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தால், அது யாருக்கும் தேவையில்லாதது.

அப்பேர்ப்பட்டவரை வயிற்றுப்புண் குப்புறத் தள்ளியது. ரத்த வாந்தி, எட்டு நாள் ஆஸ்பத்திரி. டாக்டர் அனுசியா குட்டி மஞ்சள் மாத்திரை கொடுத்தார்.

"தினம் காலையில வெறும் வயித்துல போடணும். நான் சொல்லாம நிறுத்தக் கூடாது. புண்ணு திரும்புச்சுன்னா மலையேற விட மாட்டேன்."

வியாழக்கிழமை தோறும் ஜீப்பின் முன்சீட்டில் மலையேறாவிட்டால் அவர் வெள்ளைத்துரையே இல்லை. ஆறு மாதம் ஒழுங்காக விழுங்கினார். வயிறு சுகமானது. உடனே மூளை வேலை செய்யத் தொடங்கியது.

மஞ்சளையும், முட்டிவலிக்குத் தானே கடையில் கேட்டு வாங்கிய பெரிய வெள்ளை மாத்திரையையும் உரித்து, ஏலக்காய்ச் சல்லடையில் போட்டுச் சலித்தார். வெள்ளை மேலே நின்றது. மஞ்சள் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாத்தியா மாயக்கா, பொடிசு பூராம் கழிவு."

"மருந்துங்க அது. ஏலக்காயா?" என்றாள் மனைவி.

"நாப்பது வருசம் சலிச்ச கை. எனக்கே சொல்றியா."

கழிவு குப்பைக்குப் போனது. பத்தாம் நாள், மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் வயிற்றுக்குள் யாரோ மிளகாய் அரைத்தார்கள். டிரைவர் காசிமாயன் ஜீப்பை நேரே ஆஸ்பத்திரிக்குத் திருப்பினான்.

சேதி கேட்டு வந்த மாயக்காள் மாத்திரை சலித்த கதையைச் சொன்னாள். சல்லடையை டாக்டர் மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ஐயா, வயித்தை அரிச்சதே அந்தப் பெருசுதான். அரிக்க விடாம காவல் நின்னது பொடிசு. காவக்காரனை அனுப்பிட்டுத் திருடனுக்கு விருந்து வச்சிருக்கீங்க. முட்டிக்கு வேற தர்றேன். ரெண்டு மாசம் ஜீப்பு கிடையாது. மாத்திரை இனிமே அம்மா கையிலதான் இருக்கணும்."

இரண்டு மாதம் கழிந்தது. ஜீப்பு கிளம்புவது விடிகாலை ஐந்து மணிக்கு. மாத்திரைக்கு நேரம் ஆறரை. ஆகவே மாயக்காளும் மலையேறினாள். வளைவில் அவளுக்குத் தலைசுற்றும் என்பதால் முன்சீட்டில்.

"வயிறு எப்படிண்ணே?" என்றான் காசிமாயன்.

பின்னால் உரமூட்டைகளுக்கு நடுவிலிருந்து பதில் வந்தது: "நானாத் தரம் பிரிச்சு எடுத்த மாத்திரைடா. பொடிசுலதான் வீரியம். போடியில வேற எவனுக்கும் இது பிடிபடாது. அப்புறம், காத்தும் பின்னாலதான் நல்லா வருது."