சந்தனத்துக்கு அடியில் ஒரு கையெழுத்து: யட்டியாந்தோட்டையிலிருந்து றக்வானைக்கு

றக்வானைக்கு எப்படிப் போவது என்று கேட்கிறவர்கள் வழக்கமாக மலையையும் மூடுபனியையும் பார்க்கப் போகிறவர்கள். நான் போனது ஒரு கையெழுத்து வாங்க. 1978, ஆனி மாதம். கூட வந்தது என் அக்கா புஷ்பம். இங்கே சொல்லும் கட்டணங்கள் அந்த வருஷத்தவை. இன்றைய கண்டக்டரிடம் இதைக் காட்டி வாதாட வேண்டாம்.

அக்கா பயிற்சி பெற்ற மிட்வைப். றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை செய்துவிட்டு, கல்யாணமாகி யட்டியாந்தோட்டைப் பக்கம் வந்தவள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும், இங்கே ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மிட்வைப் வேலை காலி என்று தெரிந்து மனுப்போட்டாள். வேலையோடு வீடும் உண்டு. அவள் புருஷன், என் மச்சானுக்கு மூச்சிழுப்பு வந்து ரப்பர் பால்வெட்டுக்குப் போக முடியாமலாகி ஒரு வருஷம் ஆகியிருந்ததால், அந்த வீடு இல்லையென்றால் தோட்டம் கொடுத்திருந்த ஒற்றை அறை லயத்துக் காம்பிராவையும் காலி செய்ய வேண்டிய நிலை. ஆபீசில் கேட்டது ஒன்றே ஒன்று: சர்டிபிகேட்.

சர்டிபிகேட் இருந்தது. சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. சிக்கல் என்னவென்றால், அக்கா பக்தியுள்ளவள். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் அதைச் சட்டத்திலிருந்து எடுத்து, பிரசவக் கத்தரிக்கோலோடு தட்டில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டிருக்கிறாள். எங்கே இடுவது? எழுத்தின் மேல் இட்டால் கலைமகளுக்கு மரியாதையில்லை. ஆகவே வலது கீழ்மூலையில், வட்டமாக ஏற்கெனவே ஏதோ இருந்த இடத்தில் இட்டாள். அந்த வட்டம் ஆஸ்பத்திரி முத்திரை. அதன் மேல் ஓடியது டாக்டரின் கையெழுத்து. எட்டு வருஷத்துச் சந்தனத்தைச் சுரண்டியபோது முத்திரையும் கையெழுத்தும் கூடவே வந்துவிட்டன.

சர்டிபிகேட் உண்மையானதென்று எழுதித் தரச் சொல்லி, கடைவீதியில் இருந்த சமாதான நீதவானிடம் போனோம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “இது நல்ல சந்தனம்னு வேணும்னா எழுதித் தர்றேன் தங்கச்சி” என்றார். கையெழுத்திட்ட டாக்டரோ காலமாகிவிட்டார். பழைய தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் உறுதிக் கடிதம் வாங்கி அடுத்த வாரத்துக்குள் கொடுத்தால் சரி, இல்லையென்றால் வேலை வேறொருவருக்கு என்றது ஆபீஸ்.

யட்டியாந்தோட்டையில் காலை ஐந்தரைக்கு முதல் பஸ். அவிசாவளை பதினோரு மைல். அங்கிருந்து இரத்தினபுரி இருபத்தாறு மைல். இந்தப் பாதையில் “இஸ்ஸரஹட்ட யன்ன” என்று கண்டக்டர் கத்திக்கொண்டே இருப்பார். முன்னால் போகச் சொல்கிறார். முன்னால் இடமிருப்பதாக அதற்குப் பொருளில்லை. இரத்தினபுரியில் அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. கடைவீதி மூலையில் வெள்ளைச் சாரம் கட்டிய மாணிக்க வியாபாரிகள் சிறு காகிதப் பொட்டலங்களைப் பிரித்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, ஒருவர் மற்றவரிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். ரசீது இல்லை, சாட்சி இல்லை. ஒரு வீட்டின் விலையுள்ள கல் தலையசைப்பில் கைமாறுகிறது. பிள்ளைப்பேறு பார்க்கிறவளுக்கு மட்டும் முத்திரை தேவை என்று அக்காவிடம் சொன்னேன். “கல்லு செத்துப் போகாதுல்ல” என்றாள்.

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாக றக்வானை சுமார் இருபத்தெட்டு மைல். கடைசிப் பத்து மைல் வளைவுகள். எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள், உங்களுக்கு இல்லாவிட்டாலும் பக்கத்து ஆசனத்துக்காரருக்கு உதவும். ஆளுக்கு ஆறு ரூபாய்க்குள் முடிந்தது. கடைவீதியிலிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல் ஏற்றம். கொழுந்து லொறி கிடைக்காவிட்டால் நடைதான். மழைக்காலமென்றால் முழங்கால் வரை சவர்க்காரம் பூசிக்கொள்ளுங்கள். அட்டைப்பூச்சிகள் யாருடைய தகுதியையும் விசாரிப்பதில்லை.

பதினொன்றரைக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். துரை இளம் சிங்களவர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்கா சிங்களத்திலேயே பேசினாள். மரியாதையாக உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டார். தோட்டம் அரசாங்கத்தின் கைக்கு வந்தபோது பழைய காகிதங்கள் கொழும்புக்குப் போய்விட்டன என்றார். கொழும்பில் கேட்டால் அவை தோட்டத்தில் இருப்பதாகச் சொல்வார்கள் என்பதையும் அவரே சொன்னார். நீங்கள் நல்லவர் என்று தெரிகிறது, ஆனால் நல்லவர் என்பது ஒரு பதவியின் பெயர் இல்லையே என்றார். கிளாக்கரும் புதியவர், வேறு தோட்டத்திலிருந்து வந்தவர்.

அக்கா எழுந்தாள். அப்போதுதான் மத்தியானக் கொழுந்து நிறுவைக்குக் கூடையோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவள் அக்காவைப் பார்த்துக் கூடையை இறக்கினாள்.

“மிட்வைப் அம்மாதானே? ஏங்க, என் பிரசவத்தப்ப மாமியார உள்ளயே விடாம வாசல்ல நிக்க வச்சீங்களே, அது இன்னைக்கும் என்கூடப் பேசுறதில்ல, தெரியுமா?”

இரண்டாமவள், குழந்தையின் தொப்புளில் வைக்கச் சாம்பல் கொண்டுபோனதற்குக் கையைத் தட்டிவிட்ட கதையைத் தொடங்கினாள். இன்னொருத்தி, பிள்ளை பிறந்த அன்றைக்கே வாசலில் குடித்துவிட்டு ஆடிய தன் புருஷனை அக்கா விறகுக்கட்டையோடு துரத்தியதைச் சொன்னாள். அவன் கால் சுளுக்கி மூன்று நாள் பேர் போட்டு வேலைக்கு இறங்கவில்லையாம். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். நற்சான்று தேடி அறுபத்தைந்து மைல் வந்தால், குற்றப்பத்திரிகை வரிசையில் நிற்கிறது.

சத்தம் கேட்டுத் துரை வராந்தாவுக்கு வந்தார். என்ன சொல்கிறார்கள் என்று கிளாக்கரைக் கேட்டார். கிளாக்கர் பண்பானவர். எல்லோரும் அம்மாவைப் புகழ்கிறார்கள் என்று சிங்களத்தில் சுருக்கினார்.

அந்த நேரத்தில் முன்னால் வந்தவள் லெச்சுமி. நாற்பது வயதிருக்கும், உரத்த குரல்.

“வலி தாங்காம செத்துருவேன்னு கத்துனேன். கன்னத்துல ஒன்னு விட்டுச்சு பாருங்க, பொறி கலங்கிருச்சு. பெத்தவகூட என்னை அடிச்சதில்ல.”

கிளாக்கர் இதையும் புகழ்ச்சியாக்க வாயெடுத்தார். அக்கா குறுக்கிட்டாள்.

“அறைஞ்சதையும் சொல்லுங்க ஐயா. அப்படியே சொல்லுங்க.”

வீடு, வேலை, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது. கிளாக்கர் சொன்னார். துரை அக்காவைப் பார்த்தார். உண்மையா என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு நீலம் பாரித்துவிட்டாள், வேறு வழியிருக்கவில்லை என்றாள் அக்கா. வருத்தம் தெரிவிக்கவில்லை.

துரை மற்றவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, என்ன நடந்தது, எங்கே, யார் கூட இருந்தார்கள் என்று கேட்டார். மாமியார், சாம்பல், விறகுக்கட்டை எல்லாம் முறையாக மொழிபெயர்க்கப்பட்டன. கடைசியில் லெச்சுமியைக் கேட்டார்: நான் இவரை நல்லவர் என்று எழுதவா, கெட்டவர் என்றா?

“நல்லவ கெட்டவ எல்லாம் எனக்குத் தெரியாதுங்க தொரை. வேல தெரிஞ்சவ. அந்தப் புள்ளைக்கு இப்பப் பத்தொன்பது வயசாகப் போகுது…” லெச்சுமி நிறுத்தி விரல்விட்டுப் பார்த்தாள். “இல்ல, அது மூத்தது. அடி வாங்குனது ரெண்டாவதுக்கு.”

துரை சிரித்துவிட்டார். உள்ளே போய் மூன்று வரி ஆங்கிலத்தில் அடித்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். இவர் இங்கே மிட்வைபாக வேலை செய்ததைத் தொழிலாளர்கள் மூலம் நேரில் உறுதிசெய்தேன், கண்டிப்பானவர், சுத்தத்தில் விட்டுக்கொடுக்காதவர் என்று இருந்தது. கன்னத்தில் விட்ட அறை, ஆங்கிலத்தில் ‘கண்டிப்பு’ ஆகியிருந்தது. பொய்ச்சாட்சிக்கு ஆள் பிடித்துப் புகழக் கற்றுக்கொடுக்கலாம், இத்தனை பேருக்கு இத்தனை விதமாகக் கோபிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது என்று அவர் கிளாக்கரிடம் சொன்னதை அக்கா கேட்டு எனக்குச் சொன்னாள்.

இறங்கும்போது லெச்சுமி கூடவே கொஞ்ச தூரம் வந்தாள். மூத்தவளுக்கு இது ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். இந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இப்போது மிட்வைப் இல்லை. புது இடத்துக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று என்னைக் கேட்டாள். சொன்னேன்.

“ஏழாம் மாசத்துலயே கூட்டிட்டு வந்துரு” என்றாள் அக்கா. “ஒம்பதுல அந்த வளைவுல ஏத்துனா பஸ்லயே பொறந்துரும், கண்டக்டர் அதுக்கும் டிக்கெட் கேப்பான்.”

இந்தப் பாதையில் போக நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். திரும்பும் கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், மூன்று மணிக்குள் றக்வானைக் கடைவீதிக்கு வந்துவிடுங்கள். சான்றிதழ் தொடர்பாகப் போகிறவர்கள் நகல் இரண்டு எடுத்து, பூசைக்கு நகலை வையுங்கள், கலைமகள் பொருட்படுத்த மாட்டாள். ஒருவரைப் பற்றி விசாரிக்கப் போனால், அவரைப் பாராட்டுகிறவர்களோடு நிறுத்திவிடாதீர்கள். குறைசொல்கிறவர்களையும் உட்காரவைத்துக் கேளுங்கள். நேரம் அதிகம் பிடிக்கும், டீ உங்கள் செலவு.

எங்கள் பக்கத்து ரப்பர் தோட்ட ஆபீசில் கடிதத்தின் முத்திரையை மட்டும் பார்த்து, சரி என்றார்கள். அக்காவுக்கு வேலையும் வீடும் கிடைத்தன.

ஆவணியில் ஒரு பிற்பகல், மூன்று பஸ் மாறி, எலுமிச்சம்பழம் மணக்க, லெச்சுமி மகளோடு வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் வெள்ளைச் சேலையோடு நின்ற அக்காவைப் பார்த்ததும் மகள் தாயின் பின்னால் ஒதுங்கி, மெதுவாகக் கேட்டாள்.

“இவங்கதானாம்மா ஒன்ன அறைஞ்சவங்க?”

“இவங்களேதான்” என்றாள் லெச்சுமி, பெருமையாக. “உள்ள போ.”