அகீலாவின் அசையும் படங்கள்

மென்பொருளோடு வரும் உதவிக் கோப்பை யாராவது படிப்பார்களா? சத்தியமாகச் சொல்லுங்கள். திரையின் ஓரத்தில் கேள்விக்குறி போட்ட பொத்தான் இருக்கும். அமுக்கினால் பக்கம் பக்கமாக எழுத்து கொட்டும். நாம் அதை மூடிவிட்டு, தெரிந்த ஆளுக்குப் போனில் கோல் எடுப்போம். எல்லாருக்கும் சரிப்பட்டு வரும் இந்த வழி கட்டுகஸ்தோட்டை அகீலாவுக்கு மட்டும் சரிப்பட்டு வரவில்லை. சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்று அவள் காதை முக்கால்வாசி கொண்டுபோய்விட்டது. எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுவாள். போனில் உதட்டுக்கு எங்கே போவது?

அதனால் எதையும் கண்ணால் பார்த்தே படித்தவள் அவள். தையல் மெசினோ கம்ப்யூட்டரோ, ஒருவர் செய்வதைப் பார்ப்பாள், பிறகு தானே செய்வாள். கண்டி நகரில் ரிஸ்மி நடத்தும் சின்னக் கம்பனியில் உதவிக் கோப்பு எழுதும் வேலை கிடைத்தபோதும் அந்தப் புத்தியைத்தான் காட்டினாள். எழுத்தை வெட்டி எறிந்துவிட்டு அசையும் படங்களை வைத்தாள். படத்தில் ஒரு கை வரும், பொத்தானை அமுக்கும், அடுத்த பெட்டிக்கு நகரும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். மௌஸின் அம்பு ஓடுகிற ஓட்டம் எல்லார் கண்ணிலும் படாது என்று, கையை மெல்ல நடக்கவிட்டாள். அமுக்கும் இடத்தில் மஞ்சள் வட்டம் ஒன்று விரியும். அந்த வட்டம் விரியும் வேகம் மனதுக்குப் பிடிக்கும்வரை திரும்பத் திரும்பத் திருத்துவாள். கெட்டிக்காரி என்றால் அப்படி ஒரு கெட்டிக்காரி!

அப்படிப்பட்டவளும் ஒரு நாள் வசமாக மாட்டிக்கொண்டாள்.

மஹய்யாவப் பக்கம் ஒரு சனலிங் சென்டர், டொக்டரைப் பார்க்க நம்பர் எடுக்கும் இடம், ரிஸ்மியின் மென்பொருளை வாங்கியது. அதுவரை காகிதத் துண்டில் கையால் பேர் எழுதிக் கொடுத்த நல்லம்மாவைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். நோயாளியைப் பதிவது எப்படி என்று காட்டும் படத்தில், பேர்ப் பெட்டி சும்மா கிடக்கக் கூடாதே என்று அகீலா ஒரு பேரை அடித்துக் காட்டியிருந்தாள்: அழகர், வயது ஐம்பத்தெட்டு.

முதல் நாள் காலையில் உள்ளே போன கர்ப்பிணி, டொக்டரின் திரையில் அழகர். அவளுக்குப் பின்னால் போன பள்ளிக்கூடப் பிள்ளையும் அழகர். தாயின் இடுப்பில் வந்த கைக்குழந்தைக்கும் வயது ஐம்பத்தெட்டு. நல்லவேளை, டொக்டர் குழந்தைக்குப் பிரஷர் மாத்திரை எழுதவில்லை.

ரிஸ்மி அகீலாவின் மேசைக்கு வந்து நின்றார். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அவங்களுக்குப் படம் வாணாமாம் அகீலா. கேட்டுத் தெரிஞ்சிக்க போன் நம்பர் ஒண்டு போதுமாம். இனி ஒபிஸ்ல எல்லாரும் மாறி மாறி போன் எடுக்க வேண்டி வரும். ஒங்களத்தான் என்ன செய்றண்டு எனக்கு வெளங்கல்ல."

அவளுக்கு விளங்கியது. படம் போனால் அவளுக்கு அங்கே உட்காரக் கதிரை இல்லை.

"திங்கக்கெழம வரைக்கும் டைம் தாங்க ஸேர். அதுக்குள்ள நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

சனலிங் சென்டருக்குப் போகும்போது மனதுக்குள் நல்லம்மாவைத் திட்டிக்கொண்டுதான் போனாள். இந்த மனுஷிக்குக் கண் இல்லையா, எதிரே நிற்பது ஆணா பெண்ணா என்றாவது தெரியாதா? ஆனால் நல்லம்மாவோ அவளை அன்பாக உட்கார வைத்து, படத்தை ஓடவிட்டு, கூடவே செய்து காட்டினாள். படத்தின் கை போன இடமெல்லாம் நல்லம்மாவின் கையும் போனது.

"பாருங்க மிஸ், ஒரு எழுத்துகூட தப்பில்ல," என்றாள் நல்லம்மா. "அந்தப் பேரையும் அடிச்சாத்தான் மெசின் தெறக்கும்னு நெனச்சேன். வந்தவங்க பேர நான் துண்டுல எழுதித்தானே குடுத்தேன்."

அகீலாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. சிரிப்பு போனதும் வெட்கம் வந்தது. இந்தப் பெண் தன்னைப் போலவே கண்ணால் படிக்கிறவள். படம் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறாள். பொய் சொன்னது படம்தான்.

"'இது உதாரணம்'டு சிவப்புல எழுதிப் போடுவமே," என்றார் ரிஸ்மி, அவள் ஒபிஸுக்குத் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னதும்.

"படிக்கமாட்டாங்க ஸேர். நானும் படிக்கமாட்டேன்."

அவள் படத்தை இரண்டாக வெட்டினாள். கை பேர்ப் பெட்டி வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். பெட்டி காலியாகவே இருக்கும், உள்ளே கோடு ஒன்று மட்டும் விட்டு விட்டு மின்னும். பதிகிறவர் எதையாவது அடித்த பிறகே மிச்சப் படம் ஓட வேண்டும். அந்த வித்தைக்கான புரோகிராமை ரிஸ்மியிடம் கேட்டு எழுதி வாங்கினாள். எத்தனை நேரம் கை நிற்கலாம், நின்றால் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்களா என்று யோசித்து, நிற்கும்போது விரல் மட்டும் லேசாக அசைய வைத்தாள்.

திங்கட்கிழமை அகீலாவும் ரிஸ்மியும் சனலிங் சென்டரின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். உள்ளே ஒரே சனம். பிள்ளையோடு ஒரு தாய் நல்லம்மாவுக்கு முன்னால் வந்தாள். படம் ஓடியது. கை பேர்ப் பெட்டிக்கு வந்து நின்றது. நல்லம்மாவின் கையும் நின்றது.

நின்றது நின்றபடி இருந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சனம் நெருக்கியது. ரிஸ்மி பெருமூச்சு விட்டார். எல்லாம் முடிந்தது என்றே அகீலா நினைத்தாள்.

அப்போது நல்லம்மா திரையிலிருந்து முகத்தை எடுத்து, தாயை நிமிர்ந்து பார்த்து, ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?" என்று ரிஸ்மி அகீலாவைக் கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவருக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

"பிள்ளட பேரக் கேக்குறாங்க ஸேர்," என்றாள் அகீலா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

ரிஸ்மி அவள் பக்கம் முழுதாகத் திரும்பி நின்றார். "போன் நம்பர் வாணாம்டு நானே அவங்ககிட்டச் சொல்றேன். நீங்க அடுத்த படத்தச் செய்ங்க," என்றார்.