எடை போடாமல் வைத்த புள்ளி

இரண்டாயிரங்களின் நடுவில் கெலவரப்பள்ளி பக்கம் ஓர் ஊரில் அங்கன்வாடி டீச்சராக இருந்தேன். மாதம் ஒருமுறை குழந்தைகளை எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். எடை குறைந்த குழந்தைக்குச் சத்துமாவு இரட்டிப்பாகத் தருவோம்.

ரோஜாத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த மஞ்சுளா, இரண்டு வயது மகள் கீதாவையும் அங்கே தூக்கிப் போய்விடுவாள். தேடிப் போகச் சோம்பல்பட்டு, மூன்று மாதம் எடை போடாமலே, எடை சரி என்று காட்டும் பச்சைப் பட்டையில் புள்ளி வைத்தேன். மாவு வாங்கத் தனியாக வரும்போது மஞ்சுளா கேட்பாள், "பாப்பா இளைச்ச மாதிரி இருக்குது டீச்சர், பரவால்லையா?"

"பச்சையிலதான் இருக்குது, பயப்படாத" என்பேன்.

நான்காம் மாதம் வயிற்றுப்போக்கோடு குழந்தையைத் தூக்கி வந்தாள். தராசில் வைக்க வாங்கினேன். கையில் கனமே தெரியவில்லை. அன்றே ஓசூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஐந்தாம் நாள் கீதா இறந்துவிட்டாள்.

துக்கம் கேட்கப் போனபோது மஞ்சுளா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க நல்லாத்தான் பாத்துக்கினீங்க டீச்சர். நான்தான் சரியா ஊட்டாம உட்டுட்டேன்."

உண்மையைச் சொல்ல வாய் திறந்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். சொல்லவில்லை.

அதன்பிறகு கூலி ஆட்களை ஏற்றிப்போகும் தோட்டத்து வண்டி வருவதற்கு முன்பே தராசோடு வீடு வீடாகப் போனேன். பொறுப்பான டீச்சர் என்று பெயர்கூட வாங்கினேன். மஞ்சுளா ஊரைவிட்டுப் போய்விட்டாள். தன்மேல்தான் தப்பு என்று எங்கோ இன்னும் நினைத்துக்கொண்டிருப்பாள்.