கோப்பில் நான்காவது தாள்

1. பதினொரு வரி

2022 நவம்பர் 17, வியாழக்கிழமை, மாலை 4 மணி 40. ஒன்பது பாகை, சிறு தூறல். லா சப்பல் பக்கம் ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. அதன் பின்பக்கத்தில் ஒரு மேசை, மூன்று கதிரை, ஒரு பிரிண்டர். அங்கே இருந்துதான் பத்தொன்பது வருடம் எங்கள் சனத்துக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். இப்போது நிறுத்திவிட்டேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் நான் செய்ததைச் செய்யக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

அன்று யோகன் வந்தார். பக்கத்தில் மார்க்ஸ் டோர்மோயில் குடியிருப்பவர், ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுபவர். வன்னியிலிருந்து வந்து ஆறு வருடம். கூடவே மகள் அபிஷா, பதினான்கு வயது.

“மாஸ்டர், இவளின்ரை பள்ளிக்கூடத்திலையிருந்து போன் வந்தது. நெருப்பு அணைக்கிற சிலிண்டரை அடிச்சுப்போட்டாளாம். அந்த நுரையிலை வழுக்கி ஒரு மனுசிக்குக் கை முறிஞ்சுபோச்சாம். கெதியா ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தாங்கோ.”

அபிஷா நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நான் செய்யவில்லை என்று பிரெஞ்சில் சொன்னாள்.

“நீ வாயைப் பொத்திக்கொண்டு நில்லு,” என்றார் யோகன். “எனக்கு மாசியிலை கார்த் புதுப்பிக்க வேணும் மாஸ்டர். ஒரு பிரச்சினையும் வேண்டாம். முந்திப் போய்ப் பணிஞ்சிட்டால் பெரிசாக்க மாட்டினம்.”

கார்த் என்று அவர் சொன்னது வதிவிட அட்டையை. பள்ளிக்கூடக் குழப்படிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் சொன்ன வழி எனக்கும் சரியாகவே பட்டது. எங்கள் ஆட்களிடத்தில் மன்னிப்புக் கேட்பது என்றால் குற்றத்தை ஏற்பது அல்ல. பெரியவர் ஒருவர் கோபமாக இருக்கிறார், முதலில் அதை ஆற்ற வேண்டும். யார் செய்தது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதினொரு வரி எழுதினேன். மூன்றாவது வரி: ‘எங்கள் மகள் செய்த தவறுக்காக மிகவும் வருந்துகிறோம்.’ யோகன் கையெழுத்து வைத்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளை பக்கத்தில் நின்றாள். அவளிடம் நான் காட்டவில்லை.

2. இரண்டாம் பக்கம்

நவம்பர் 28, திங்கட்கிழமை, யோகன் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். டிசம்பர் 6 அன்று ஒழுக்காற்றுச் சபை கூடுகிறது, அபிஷாவைப் பள்ளியிலிருந்து நிரந்தரமாக விலக்குவது பற்றி முடிவெடுக்கும், அதுவரை அவள் பள்ளிக்கு வரக்கூடாது என்று இருந்தது.

“கடிதம் குடுத்தனாங்கள்தானே மாஸ்டர். பிறகேன் இது? இதிலையும் ஒரு சைன் வைச்சு அனுப்பிவிடுவமே? செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு தரமாட்டாங்கள்.”

கடிதம் இரண்டு பக்கம். இப்படிப்பட்ட கடிதங்களில் நான் எப்போதும் முதல் பக்கத்தை மட்டுமே மொழிபெயர்ப்பேன். இரண்டாவது பக்கம் வெறும் சட்ட வாசகம் என்று விட்டுவிடுவேன். அன்று பிரிண்டர் பழுதாகிச் சும்மா இருந்ததால் அதையும் வாசித்தேன். மாணவரும் பெற்றோரும் கூட்டத்துக்கு முன் பள்ளிக்கு வந்து முழுக் கோப்பையும் பார்க்கலாம். மாணவர் தனக்கு விருப்பமான ஒருவரை உதவிக்கு அழைத்து வரலாம், அவர் வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை. தன் பக்கத்தை வாயாலும் எழுத்தாலும் சொல்லலாம். சாட்சிகளைக் கூப்பிடக் கேட்கலாம்.

பத்தொன்பது வருடத்தில் ஒரு பிள்ளையின் கோப்பைக்கூட நான் போய்ப் பார்த்ததில்லை.

3. மஞ்சள் கோடு

டிசம்பர் 1, வியாழக்கிழமை, காலை 10 மணிக்கு மூவரும் பள்ளி அலுவலகத்தில் இருந்தோம். செயலாளர் ஒரு பச்சை மட்டையைக் கொண்டுவந்து வைத்தார். உள்ளே ஏழு தாள். கை முறிந்த கண்காணிப்பாளரின் அறிக்கை இரண்டாவது. ‘மூன்று மாணவிகள் ஓடுவதைக் கண்டேன், யார் சிலிண்டரின் ஊசியை இழுத்தது என்று பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தார். மூன்றாவது, மருத்துவச் சான்றிதழ்.

நான்காவது, என் கடிதம்.

மூன்றாவது வரியின் மேல் மஞ்சள் மை பூசியிருந்தது. ஐந்தாவது தாளில் அதிபர் தன் முடிவை எழுதியிருந்தார்: ‘பெற்றோரே எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளனர்.’ மற்ற இரண்டு மாணவிகளின் பெற்றோர் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. அவர்கள் மேல் விசாரணையும் இல்லை. ஏழு தாளையும் திருப்பித் திருப்பி மூன்று தரம் பார்த்தேன். அபிஷா செய்தாள் என்று சொல்வது அந்த ஒரு வரி மட்டும்தான்.

செயலாளர் நல்ல மனுசி. “நீங்கள்தான் எழுதினீர்களா? எவ்வளவு அழகான பிரெஞ்சு. இது வந்த பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெளிவானது,” என்றார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். யோகன் என் தோளைப் பிடித்து, “என்ன மாஸ்டர், பிரசர் கூடிப்போச்சோ?” என்று கேட்டார்.

டிசம்பர் 6 அன்று யோகனும் ஒருமாதிரி லீவு எடுத்து வந்தார். சபையில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். அபிஷா உதவிக்கு என் பெயரைக் கொடுத்திருந்தாள். கடிதத்தை எழுதியவன் நான், தகப்பனுக்கு அதை வாசிக்கத் தெரியாது, எங்கள் வழக்கத்தில் அது மரியாதைக்கு எழுதுவது என்று சொன்னேன்.

“பிள்ளையைக் கேட்காமலா எழுதினீர்கள்?” என்று அதிபர் கேட்டார்.

“கேட்கவில்லை.”

“ஏன்?”

அவர் அபிஷாவைப் பார்த்து, நீ சொல் என்றார். அந்த மூன்று வாரத்தில் அவளை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தரம். நாலு நிமிடம் பேசினாள். தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும், சிலிண்டர் தன் கையில் இருக்கவில்லை என்பதையும், பயத்தில் ஓடியதையும் சொன்னாள். யார் இழுத்தது என்று சொல்ல மறுத்தாள்.

யோகன் என் கையைச் சுரண்டி, “என்னவாம் மாஸ்டர்?” என்றார். தமிழ் பேசும் மகள் பிரெஞ்சில் சொன்னதைத் தமிழ் பேசும் தகப்பனுக்கு நான் மொழிபெயர்த்தேன்.

“இதை நீ எனக்கு ஏன் சொல்லேல்லை?” என்று அவளிடம் மெதுவாகக் கேட்டார்.

“சொன்னனான் அப்பா. கடையிலை வைச்சு.”

இருபத்தைந்து நிமிடம் வெளியே நிறுத்தி வைத்தார்கள். பிறகு அழைத்து, போதிய ஆதாரம் இல்லை, தண்டனை இல்லை என்றார்கள். மறுநாள் அபிஷா பள்ளிக்குப் போனாள்.

4. முப்பத்தெட்டு

நான் எழுதும் எதற்கும் ஒரு பிரதி வைப்பது வழக்கம். அந்த வாரம் எல்லாக் கட்டையும் அவிழ்த்து எண்ணினேன். பள்ளிக்கூடங்களுக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் முப்பத்தெட்டு. எல்லாவற்றிலும் அதே மூன்றாவது வரி, மகன் மகள் என்பது மட்டும் மாறும். ஒருதரம் நன்றாக அமைந்ததென்று அதையே கொப்பி பண்ணியிருக்கிறேன். எத்தனை பிள்ளையைக் கேட்டு எழுதினேன் என்று யோசித்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் தகப்பனைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். கோப்பைப் பார்க்கும்வரை ஒரு வரியும் எழுதாதீர்கள். கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து வேலைநாள் முன்னதாக அழைப்பு வந்திருக்க வேண்டும், தேதியை எண்ணிப் பாருங்கள். பிள்ளையை விலக்கினால் எட்டு நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அப்படி விலக்கினாலும் வேறு பள்ளி தேடித் தருவது அவர்கள் கடமை. தாய் தகப்பனுக்கு வதிவிட அட்டை இல்லாவிட்டாலும் இதில் ஒன்றும் குறையாது. இத்தனையும் இரண்டாம் பக்கத்தில் இல்லாவிட்டால் எங்கே இருக்கிறது என்று பள்ளியிடம் கேளுங்கள்.

முப்பத்தெட்டுக் குடும்பத்தில் இருபத்தாறு பேரைத் தேடிப் பிடித்தேன். நடந்ததைச் சொல்லி, கடிதத்துக்கு வாங்கிய பத்து யூரோவை நீட்டினேன். கடைசியாகப் போனது எபினே-சூர்-செய்னில் ஒரு வீட்டுக்கு. 2014-இல் அந்த வீட்டுப் பையனைப் பள்ளியிலிருந்து விலக்கினார்கள். “கடிதம் குடுத்தும் கலைச்சுப்போட்டாங்கள் மாஸ்டர்,” என்று தகப்பன் அப்போது வந்து அழுதார். தலைவிதி என்று சொல்லி அனுப்பினேன்.

இப்போது கதவைத் திறந்தது அந்தப் பையன். இருபத்துமூன்று வயது, பொதி விநியோக நிறுவனத்தின் சட்டை போட்டிருந்தான். நான் பேசி முடியும்வரை நின்று கேட்டான்.

“நீ செய்தனியே தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லை அங்கிள்,” என்றான். “இப்பதான் ஒராள் கேக்குது.”

பத்து யூரோத் தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினான்.

அவனோடு சேர்த்து வாங்கியவர்கள் பத்தொன்பது பேர், வேண்டாம் என்றவர்கள் ஏழு பேர். எனக்கு ஆன செலவு நூற்றுத் தொண்ணூறு யூரோ.